ஈச்சம்பள்ளத்து மரங்களுக்கு நன்றியுரை

ஈச்சம்பள்ளத்து மரங்கள் எங்கள் காத்திருப்புப் போராட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருந்ததால், பதினைந்து நிமிடம் தாமதம் என்பதை நான் மைக்கிலேயே சுட்டிக்காட்டினேன். முன்னால் வந்தவை பதினொரு நீர்மருதுகள். சேற்றில் நடக்கும் பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதுபோல வேர்களை உயர்த்திக்கொண்டு, தார்ச்சாலையில் ஈரத்தடம் பதித்து, மின்கம்பியில் கிளை படாமல் குனிந்து குனிந்து வந்தன. நீர்மருதுகளுக்குப் பின்னால் புங்கன்கள், புங்கன்களுக்குப் பின்னால் நாவல்கள், நாவல்களுக்குப் பின்னால் ஈச்சைகள். ஈச்சைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடின, கூட்டுக்குள் இருந்த குருவிகள் டவுன்பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களைப்போல வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், கால்கள் சிறியவை என்பதால் ஓட்டமும் நடையுமாக, நொச்சியும் நாணலும் கோரையும்.

வந்தவை பந்தலுக்குள் நுழைய முடியாமல் பந்தலைச் சுற்றி நின்றன. அதனால் முதல்முறையாக எங்கள் பந்தலுக்கு நிழல் கிடைத்தது.

மைக் செட் திருமலைசாமி என் காதருகே வந்து கேட்டான். “ஏனுங்க தோழர், இவங்களுக்கும் சேர்த்து டீ சொல்லிறலாமுங்களா?”

“தண்ணி போதும்,” என்றேன். “பேச்சைக் கெடுக்காதே.”

எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். மலையிலிருந்து இறங்கி, ஊரை மேற்கே ஒட்டி, இரண்டு மாதம் தண்ணீராகவும் பத்து மாதம் ஈரமாகவும் ஓடுவது ஈச்சம்பள்ளம். அதன் இரு கரையிலும் இருந்த புன்செய்க் காடுகளை மனை வியாபாரி சென்னியப்பன் வாங்கி, மஞ்சளும் வெள்ளையும் பூசிய கல் நட்டு, “மருதம் கார்டன்” என்று வளைவு கட்டி, வளைவில் ஒரு நீர்மருதின் படத்தையும் வரைந்து வைத்துவிட்டு, படத்துக்கு எதிரே நின்ற உண்மையான நீர்மருதுகளை வெட்டிக் கரையை மண்போட்டு மூட ஆள் பேசியிருந்தார். கரை போனால் பள்ளம் போகும். பள்ளம் போனால் எங்கள் கிணறுகளில் கயிறுதான் இருக்கும். பள்ளம் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் நான், நாச்சிமுத்து, இருபத்துமூன்று மனு கொடுத்தேன். பிறகு துண்டறிக்கை எழுதினேன். “பள்ளத்துத் தண்ணீரைக் குடித்தவர் அனைவரும் திரண்டு வாரீர்” என்று கடைசியில் போட்டேன். மெயின்ரோட்டில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி கிடைக்காததால், திருமலைசாமியின் ஆட்டோ இரண்டு நாளும் பள்ளத்தங்கரை மண்தடத்திலேயே போய் வந்தபடி அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் காதில் விழுந்தது. அதற்குமேல் அதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை.

நாற்பத்தோரு ஆண்டுகளில் என் கூட்டங்களுக்கு வந்தவர்களைவிட வராதவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் யார் காய்ச்சல் என்று சொன்னார், எந்தக் கடையில் யார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார், எல்லாம் தேதியோடு சொல்வேன். கூட்டத்தின் கடைசியில் வராதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிரே உட்கார்ந்திருக்கும் வந்தவர்களைத் திட்டுவது என் வழக்கம். அதற்குப் பிறகு எங்கள் தோழர் கண்ணாத்தாள் எழுந்து நன்றியுரை சொல்வாள். பஞ்சாலையில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும் வேலை பார்த்தவள்; இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு கூட்டம் விடாமல், பந்தல்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் பாதுகாப்புக்கு வந்த காவலருக்கும், கைக்குழந்தையோடு வந்து கடைசிவரை இருந்த இன்னாருக்கும் என்று பெயர் பெயராகச் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஜனம் எழும். நன்றியுரை என்பது நாற்காலி அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே சொல்லப்படுவது என்று நான் நினைத்திருந்தேன். தை மாதக் கூட்டத்தில் அவள் பாதியில் இருக்கும்போது நான் மைக்கைப் பிடுங்கி, “வந்திருக்கிற பதினேழு பேருக்கு நன்றி ஒண்ணுதான் கேடு” என்றேன். கையிலிருந்த சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறாள், கடைசி வரிசையில் உட்காருகிறாள், மைக்கைத் தொடுவதில்லை. எங்கள் கூட்டங்கள் அதன்பின் முடியாமலேயே கலைந்தன. மனிதர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

மரங்கள் வந்த அன்று மதியம், எஸ்.ஐ. மலர்க்கொடி வேனோடு வந்தார். “எல்லாரையும் கைது பண்றோமுங்க. வண்டில ஏறுங்க,” என்றவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீங்கெல்லாம் நடந்தே வந்துருங்க,” என்றார். பெயர்ப் பட்டியல் எழுதும்போதுதான் கொஞ்சம் சிரமப்பட்டார். நீர்மருது, தகப்பனார் பெயர் தெரியவில்லை, வயது சுமார் இருநூறு, தொழில் நிற்பது. இப்படி அறுபத்தெட்டு பெயர். நாணலையும் கோரையையும் “மற்றும் பலர்” என்று எழுதிக்கொண்டார்.

கைதானவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து, எலுமிச்சை சாதம் போட்டு, மாலை ஆறு மணிக்கு விடுவிப்பது அரசாங்கம் எங்களுக்குச் செய்துவைத்திருக்கிற ஏற்பாடு. கொங்குமணி மகாலின் மேனேஜர் குப்புராஜ், வாசலில் நின்றுகொண்டு, “டைல்ஸ் புதுசுங்க, கொஞ்சம் பாத்து,” என்று ஒவ்வொரு மரத்திடமும் தனித்தனியாகச் சொன்னார். நீர்மருதுகள் மின்விசிறிகளுக்குக் கீழே தலையைச் சாய்த்து நின்றன. நொச்சி மணமேடைமேல் ஏறிக்கொண்டது. ஆறு மணிக்கு எஸ்.ஐ. வந்து எல்லோரையும் விடுவிப்பதாக அறிவித்தார். நாங்கள் இருபத்துநான்கு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மரங்கள் போகவில்லை.

வந்தவர்களைப் பார்த்து எப்போது போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை மேற்கு வீதி தண்ணீர் ஊற்றியது, வியாழக்கிழமை மில் வீதி. ஒவ்வொரு நீர்மருதும் ஒரு நாளைக்கு மூன்று டிரம் குடிக்கிறது என்று குப்புராஜ் குறைப்பட்டுக்கொண்டபோது, பெண்கள், “ஆம்பளையாட்டம் நாளெல்லாம் வெயில்ல நின்னுட்டு வந்துருக்குது, குடிக்காதா?” என்று அவர் வாயை அடைத்தார்கள். இருபது வருடமாகப் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், கரை எந்தத் திசையில் இருக்கிறது என்றே மறந்தவர்கள், மண்டபம் பக்கத்தில் இருந்ததால் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் இது எங்கள் காட்டு வேலியோரம் நின்ற நாவல் அல்லவா, இந்தப் புங்கனில்தானே நாங்கள் தூளி கட்டினோம் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். அடையாளம் கண்டவர்கள், இத்தனை நாள் வந்து பார்க்காத குற்றத்தில், போகும்போது இன்னும் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போனார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை நடையை மண்டபத்துக்குள் மாற்றிக்கொண்டார்கள். எறும்பு மட்டும்தான் பிரச்சினை. அதற்கும் குப்புராஜ் சமையற்கட்டு வாசலில் மஞ்சள்பொடியால் ஒரு கோடு போட்டார், எறும்புகள் மதித்தன.

வெள்ளிக்கிழமை அங்கே ஒரு கல்யாணம். பெண்வீட்டார் அலங்காரக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மணமேடையில் நின்ற நொச்சி பக்கவாட்டில் நகர்ந்து மாப்பிள்ளைக்கு இடம் விட்டது. முதல் பந்தியில் மரங்களுக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் மனிதர்களுக்கு இலை போட்டார்கள். நாவல்கள் பருவத்துக்கு முன்னாலேயே பழுத்து உதிர்த்ததில், வந்திருந்த அத்தனை பேரும் ஊதா நாக்கோடு புகைப்படத்தில் நிற்கிறார்கள்.

நான் அந்த நான்கு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பதினேழு பேரை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டவனுக்கு அறுபத்தெட்டு பேர் வந்து, வந்தவர்கள் போகவும் மறுத்தால் எப்படி இருக்கும்? வராத மனிதர்களைப்பற்றி ஒரு துண்டறிக்கையும் அடித்துவிட்டேன். “மரத்துக்கு இருக்கும் மானம்” என்று தலைப்பு.

கல்யாணத்துக்கு சென்னியப்பனும் வந்திருந்தார். கை கழுவிவிட்டு, ஒரு நாவலில் சாய்ந்து நின்று பல் குத்தியபடி என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, உங்களுக்கு ஒரு மாலை போடலாம்னு இருக்கறனுங்க.”

“எதுக்கு?”

“பத்து ஜேசிபி பண்ற வேலைய ஒரு மைக்குல பண்ணிட்டீங்களே. கரைல போய்ப் பாத்தீங்களா? வழிச்சு வெச்ச தட்டாட்டம் இருக்குது. ஒரு புல்லு இல்ல. திங்கக்கெழமை பதினோரு மணிக்குக் கோட்டாட்சியர் தல ஆய்வுக்கு வாராங்க. கரைல மரமும் செடியும் இருக்குதா இல்லியான்னு பாத்து எழுதறது மட்டும்தான் அவங்க வேலை. இல்லீன்னு எழுதிட்டா, பள்ளத்து விளிம்பு வரைக்கும் மனை போட்டுக்கலாம். நான் வெட்டியிருந்தா கேஸாயிருக்கும். நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க. இதுக்கு என்ன கேஸுங்க?”

அவர் கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றியோடு சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

சாப்பிடாமலேயே கரைக்கு ஓடினேன். வேர்கள் இருந்த இடமெல்லாம் குழி. குழிகளின் விளிம்பிலிருந்து மண் சிறிது சிறிதாகப் பள்ளத்துக்குள் சரிந்துகொண்டிருந்தது. ஆட்களைக் கூப்பிடத் தெரிந்தவன், யார் வீட்டை விட்டு வருகிறார்கள், அவர்கள் இல்லாதபோது அந்த வீடு என்னாகும் என்று நாற்பத்தோரு ஆண்டில் ஒருநாளும் யோசித்ததில்லை. அறுபத்தெட்டு மரம் இருந்தும் மரமில்லாத கரையை ஒரு ஊரில் யாராவது உண்டாக்க முடியுமென்றால், அது நானாகத்தான் இருக்க முடியும்.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போய் மைக்கில் அறிவித்தேன். போராட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, தோழர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பலாம். ஓர் இலை அசையவில்லை. முழக்கம் எழுப்பினேன். கட்டளையாகச் சொன்னேன். எஸ்.ஐ. மலர்க்கொடி தன் பங்குக்கு, “கலைஞ்சு போயிருங்க, இல்லைன்னா மறுபடி கைது பண்ணி இங்கயேதான் கொண்டாந்து விடுவோம்,” என்று மிரட்டிப் பார்த்தார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், உண்ணாவிரதத்தை முடித்துவைப்பதுபோல ஒவ்வொரு மரத்துக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார். மரங்கள் உண்ணாவிரதம் இருக்கவில்லை என்பதால் மரியாதைக்குக் குடித்துவிட்டு நின்றன. திருமலைசாமி நீர்மருது ஒன்றைப் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளி, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேறு வழியில்லாமல், கண்ணாத்தாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“போக மாட்டீங்குதா?” என்றாள், நான் உட்காருமுன்பே.

“போக மாட்டீங்குது.”

“எப்படிப் போவாங்க தோழர்? கூட்டம் இன்னும் முடியலீங்களே.”

“செவ்வாக்கெழமையே முடிஞ்சுது. கைது, விடுதலை, எல்லாம் ஆச்சு.”

“நன்றியுரை ஆச்சுங்களா?”

நான் முறத்திலிருந்து ஒரு கீரைக்கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

“நாம வேண்ணா பாதில எந்திரிச்சுப் போவோம். அவங்க புதுசா வந்தவங்க. மொறப்படி இருக்கறாங்க.”

“அப்பச் சரி. நாளைக்குக் காலைல வந்து சொல்லீரு. ரெண்டு நிமிச வேலைதான, கண்ணாத்தா.”

“நானா?” கீரைக்காம்பை ஒடித்தாள். “நான் என்னுங்க கூப்பிட்டேன்? நோட்டீஸ்ல உங்க பேருதான இருக்குது. கூப்பிட்ட வாய்தான் சொல்லோணும்.”

“எனக்குப் பழக்கமில்ல.”

“தெரியுமுங்க. இருவத்தெட்டு வருசம் பக்கத்துல நின்னவளாச்சே.”

“என்ன சொல்றதுன்னு ஒரு சீட்டுல எழுதியாவது குடு.”

“ஊருக்கே எழுதிக் குடுக்கறவருக்கு நான் எழுதித் தரோணுமாக்கும்.” முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வந்து உக்காந்துக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட எதிர்பாக்காதீங்க.”

திங்கள் காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்தேன். ஊர் பாதி வந்திருந்தது. கண்ணாத்தாள் கடைசி வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு விதமாகத்தான் பேச வரும். “இந்த ஊரில் இன்னும் வராத பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள்” என்று ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பெயர் சொன்னேன். புங்கன்கள் சாயங்காலம் மடக்குவதுபோல இலைகளை மடக்கிக்கொண்டன. மணி எட்டரை. பிறகு ஒன்பது. நாக்கு உலர்ந்துபோய் நிமிர்ந்தபோது, முன்வரிசையில் நின்ற நீர்மருதின் அடிமரத்தில் வெளுத்த ஒரு தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்த மரத்தை எனக்குத் தெரியும்.

“முப்பத்தாறு வருசத்துக்கு முந்தி மில் வேலைநிறுத்தத்துல,” என்றேன், “தோள்பட்டை எலும்பு உடைஞ்சு நான் ஓடி வந்து விழுந்தது உன் வேருக்கு நடுவுல. ரெண்டு நாள் இருந்தேன். தேடி வந்தவங்க டார்ச் அடிச்சப்ப நீ ஒரு கிளையைத் தாழ்த்துனே. காத்துன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தனை நாளாக் காத்துன்னே சொல்லிக்கிட்டேன். நன்றி.”

மைக்கில் அந்தச் சொல் எனக்கே வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது. நீர்மருது தலையை விசிறிக்குக் கீழிருந்து மெதுவாக எடுத்து, திரும்பி, வாசல் வளைவில் குனிந்து, வெளியே போயிற்று.

அதன்பின் நான் நிறுத்தவில்லை. புங்கனுக்கு நன்றி சொன்னேன், என் அம்மா பொறுக்கிய கொட்டைகளுக்காகவும், அந்தக் கொட்டையின் எண்ணெயில் எரிந்த விளக்குக்காகவும், அந்த விளக்கில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் துண்டறிக்கைக்காகவும்; அதுவும் போயிற்று. பொந்துள்ள நாவலுக்கு நன்றி சொன்னேன், துண்டறிக்கைக்குத் தடை இருந்த காலத்தில் என் காகிதக்கட்டை ஒரு மழைக்கும் நனையவிடாமல் வைத்திருந்ததற்காக; அதுவும் போயிற்று. ஈச்சைகளுக்கு நன்றி சொன்னேன், ஊரைப் பெருக்கிய அத்தனை விளக்குமாறுகளுக்காக. நொச்சிக்கு நன்றி சொன்னேன், முழங்கி முழங்கி நெஞ்சு கட்டிய போதெல்லாம் கொதிக்கும் பானையில் இலையாக விழுந்து எனக்கு மறுநாளைக்குக் குரல் கொடுத்ததற்காக. நாணலுக்கு நன்றி சொன்னேன், பெருவெள்ளத்தில் மண்ணை விடாமல் பிடித்துக் கிழக்கு வீதியைக் காப்பாற்றியதற்காக. அந்த வெள்ளத்தில் கிழக்கு வீதியைக் காப்பாற்றியது என் மனு என்று நான் எழுதியிருந்தேன், அதையும் சொன்னேன். கோரைக்கு நன்றி சொன்னேன், நான் பிறந்தபோது கிடந்த பாய்க்காகவும் இனிமேல் கிடக்கப்போகிற பாய்க்காகவும். ஒவ்வொன்றாகத் திரும்பி, குனிந்து, ஈரத்தடம் பதித்து, வாசலைத் தாண்டிப் போயின. சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் நினைவுக்கு வந்தது. இத்தனை பெற்றுக்கொண்டு ஒருவன் எப்படி இத்தனை கசப்பாக இருந்தான் என்று எனக்கே விளங்கவில்லை.

கடைசியில் கை கழுவும் தொட்டியோரம் ஒன்று மட்டும் நின்றது. சீமைக்கருவேலம். தண்ணீரை உறிஞ்சும் அந்நியன் என்று நானே துண்டறிக்கை போட்டு, ஊரைக் கூட்டி மூன்றுமுறை வெட்டவைத்த மரம்.

“அவரு ஒருத்தர்தான் பாக்கிங்க தோழர்,” என்றான் திருமலைசாமி.

“உன்மேல எனக்கு இருக்கிற அபிப்பிராயம் மாறல,” என்றேன் அதனிடம். “நீ வருவேன்னு நான் எதிர்பாக்கவும் இல்ல. ஆனா வந்தே. உன்னை வெட்டச் சொன்னவன் கூப்பிட்டதுக்கு வந்தே. நன்றி.”

போகும்போது என் சட்டைத்தோளை ஒரு முள்ளால் லேசாகக் கிழித்துவிட்டுப் போயிற்று. அந்த அளவுக்கு அதற்கு உரிமை உண்டு.

பிறகு மனிதர்கள். குப்புராஜுக்கும் அவருடைய டைல்ஸுக்கும், மலர்க்கொடிக்கும், முதுகு பிடித்துக்கொண்ட திருமலைசாமிக்கும், தண்ணீர் ஊற்றிய வீதிகளுக்கும் சொன்னேன். பெயர் தெரியாதவர்களிடம் பெயர் கேட்டுச் சொன்னேன். அவரவர் பெயரைக் கேட்டதும் அவரவர் எழுந்து பள்ளத்தைப் பார்க்க நடந்தார்கள். பத்தே முக்காலுக்கு மைக்கை வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கோட்டாட்சியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மா. கையில் பழைய வரைபடம். கடைசி மரம் வந்து நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நாணலுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“போன வாரம் இங்க ஒண்ணுமே இல்லீங்க மேடம்,” என்றார் சென்னியப்பன். “நெசமாவே இல்லீங்க. வேண்ணா ஊருல கேளுங்க.”

“ஊர்ல கேட்டு எழுதறதுக்குப் பேரு தல ஆய்வு இல்லீங்க,” என்றார் அவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் இறங்கி, ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். “வரைபடத்துல நாவல் அந்தப் பக்கம் இருக்குது. இங்க இந்தப் பக்கம் இருக்குது.”

“ஒரே எடத்துல நின்னு காலு மரத்துப் போயிருக்குமுங்க,” என்றான் திருமலைசாமி. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு விஷயம் எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை எழுந்து நடந்துவிட்டவர்கள் பழைய இடத்தில் அப்படியே அடங்கி உட்காருவதில்லை. மரங்கள் முன்பைவிட இருபதடி தள்ளி, அகலமாகக் கால் பரப்பி நின்றிருந்தன. மஞ்சளும் வெள்ளையும் பூசிய எல்லைக்கற்கள் நீர்மருதுகளின் வேர்ப்பிடிக்குள் இருந்தன. வெளிவிளிம்பில், யாரும் சொல்லாமலேயே, சீமைக்கருவேலம் வேலியாக நின்றது. “இருகரையிலும் அடர்ந்த மரங்களும் செடிகொடிகளும் உள்ளன, கரையைத் தொடக்கூடாது” என்று எழுதிக் கோட்டாட்சியர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். சென்னியப்பன் ஒரு கல்லை அசைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் போனார். ஜனம் கைதட்டியது. யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினேன். இல்லை.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். திருமலைசாமி மைக்கையும் பெட்டியையும் எடுத்துப் போயிருந்தான். தரை முழுவதும் மரங்கள் விட்டுப்போன ஈரமண். தூணோரம், கடைசி வரிசை நாற்காலியில், கண்ணாத்தாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். செருப்பு பக்கத்தில் கிடந்தது. பாதங்கள் மண்ணுக்குள் கணுக்கால் வரை போயிருந்தன. குதிகாலிலிருந்து வெள்ளை நூல்போல வேர்கள் கிளம்பி டைல்ஸ் இடுக்குக்குள் இறங்கியிருந்தன.

“எந்திரிக்க வரலீங்க தோழர்,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகச் சொன்னாள்.

அறுபத்தெட்டு மரங்களுக்குச் சொன்னேன். சீமைக்கருவேலத்துக்குச் சொன்னேன். எஸ்.ஐ.க்குச் சொன்னேன். வழக்கமாக நன்றி சொல்கிறவருக்கு யார் நன்றி சொல்வது என்று எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு பேசி எனக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“தோழர்,” என்றேன். “முன்னொருக்கா ஊர்ச்சாவடி முன்னால ஒரு கூட்டம் போட்டோம். மழை. வந்தது நீங்க ஒருத்தர்தான். குடையைப் பிடிச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தீங்க. நான் முக்கால் மணி நேரம் பேசுனேன். வராதவங்களை எல்லாம் திட்டுனேன், உங்க மூஞ்சியைப் பாத்து. முடிச்சதும் நீங்க எந்திரிச்சு மேடைக்கு வந்து, மைக்கைத் தொடைச்சு, மழையிலயும் வந்து பேசுனதுக்குன்னு எனக்கு நன்றி சொன்னீங்க. கேக்கறதுக்கு அங்க வேற யாரும் இல்ல. நான் கேட்டேன். கேட்டுட்டுச் சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டேன். அதுக்கு நன்றி.”

அவள் இடது குதிகாலில் ஒரு வேர் மண்ணிலிருந்து விடுபட்டுச் சுருண்டது. ஒன்றே ஒன்று. கண்ணாத்தாள் குனிந்து அதைப் பார்த்தாள். மீதியையும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்குதுங்க தோழர். எனக்கொண்ணும் அவசரமில்ல. சொல்லுங்க.”